ஆவணப்படத்தில் அண்ணனைத் தேடிய தாத்தா

நான் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவனாக இருந்தபோது, ஒரு விடுமுறை இரவில் தாத்தாவோடு உட்கார்ந்து சயாம்-பர்மா ரயில் பாதை பற்றிய ஆங்கில ஆவணப்படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தார். படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எல்லாம் வெள்ளைக்காரனுங்களாவே இருக்கானுங்களே தம்பி, நம்ம ஆளுங்க எங்க?"

அவருடைய அண்ணன் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை.

தாத்தாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் கணக்கு புரிந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 200,000 பேர். அவர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பால்மரம் சீவிய தமிழர்கள். நாங்கள் பார்த்த படத்தில் இவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதிலும் "உள்ளூர்த் தொழிலாளர்கள்" என்று சொன்னார்கள். பேராக்கிலிருந்து போனவனுக்குக் காஞ்சனபுரி எந்தக் கணக்கில் உள்ளூர்?

இதைக் காழ்ப்புணர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. கேமரா எப்போதும் காகிதத்தைப் பின்தொடர்ந்தே போகிறது. போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது. ஜாக் சாக்கர் போன்றவர்கள் முகாமில் ஒளித்து வைத்து வரைந்த ஓவியங்கள் தப்பிப் பிழைத்தன. ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியர் கேமராவையே மறைத்து வைத்துப் படம் எடுத்தார். போருக்குப் பின் அவர்கள் நாட்குறிப்புகளை நூலாக்கினார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 6,900 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நம்மவர்களை லாரியில் ஏற்றியபோது முழுமையான பட்டியல் யார் வைத்திருந்தார்கள்? எங்கே புதைத்தார்கள் என்பதற்குக் கூடப் பெரும்பாலும் குறிப்பில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் தமிழில் வந்தன. அவை தொலைக்காட்சி ஆய்வாளரின் மேசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

படக்காட்சிகளின் கதை இன்னும் சிக்கலானது. பாதை இணைந்த விழாவை ஜப்பானியர் படம் பிடித்தார்கள். 1943-இன் மழைக்காலத்தில் காலராவால் முகாம்கள் அழிந்ததை எவரும் படம் பிடிக்கவில்லை. ஐம்பது நிமிடப் படம் எடுப்பவர் அந்த இடைவெளியை எப்படி நிரப்புவார்? வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்த காட்சியை ஒட்டிவிடுவார். இது இந்த ரயிலுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராட் முற்றுகையில் இரு சோவியத் படைகள் கலாச்சில் சந்தித்துத் தழுவிக்கொள்ளும் புகழ்பெற்ற காட்சி, பிறகு கேமராவுக்காக நடித்துக் காட்டப்பட்டது. 1943-இல் வெளிவந்த 'டெசர்ட் விக்டரி' படத்தில் சில காட்சிகள் இங்கிலாந்தின் பைன்வுட் அரங்கில் எடுக்கப்பட்டவை. நமக்குக் கேட்கும் வெடிச் சத்தமும் பெரும்பாலும் பின்னால் சேர்த்ததுதான். போர்க்களப் படச்சுருள்களில் அநேகமாக ஒலியே கிடையாது. 1973-இல் வந்த 'தி வேர்ல்ட் அட் வார்' தொடரின் 26 பகுதிகளைப் பலரும் இன்றும் உயர்வாகப் பேசுவதற்கு ஒரு காரணம், அதன் வரலாற்று ஆலோசகர் நோபிள் ஃபிராங்க்லண்ட் காட்சிகளின் உண்மைத் தன்மையில் காட்டிய கண்டிப்பு. அத்தகைய கண்டிப்புக்குக் காலமும் பணமும் வேண்டும்.

அடுத்து அந்தப் பாலம். பெரும்பாலான ஆவணப்படங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. 1957-இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' திரைப்படத்தின் பாலம் இலங்கையில் கித்துள்கலவில் கட்டி வெடிக்கப்பட்டது. காஞ்சனபுரியின் உண்மையான இரும்புப் பாலத்தை 1945-இல் விமானங்கள் குண்டு வீசிச் சேதப்படுத்தின. செப்பனிடப்பட்டு இன்றும் ரயில் ஓடுகிறது. அது நின்ற ஆறு அன்று மே குளோங். படத்தைப் பார்த்துவிட்டு மக்கள் 'குவாய்' எங்கே என்று தேடி வந்ததால், 1960 வாக்கில் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் வைத்தார்கள். சினிமாவுக்காக ஆற்றின் பெயரே மாறியது!

அடுத்தவரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 'ஒரு கட்டைக்கு ஓர் உயிர்' என்று நாமும் மேடைகளில் முழங்குகிறோம். கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்து வைத்தாலும் நான்கு லட்சம் கட்டைகள் ஆகின்றன. மாண்டவர் தொகையோ லட்சத்தை ஒட்டியது. அந்த எண்ணே போதுமான கொடுமை. அதை நான்கு மடங்காக்கினால் கேட்பவன் மற்றதையும் நம்பமாட்டான்.

அந்தப் படம் பார்த்த மறுவாரம் ஒலிநாடா வாங்கி வந்து தாத்தாவைப் பேச வைத்தேன். அவர் பாலத்தைச் சில வீரர்கள் இரவோடு இரவாக வெடி வைத்துத் தகர்த்ததாகவும், அதில் அண்ணனும் செத்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு மெய் சிலிர்த்தது. அது தோட்டத்துத் திடலில் அவர் பார்த்த அதே திரைப்படத்தின் கதை என்று பிறகுதான் உறைத்தது. நாடாவை மீண்டும் கேட்டால் இன்னொன்று தெரிகிறது. "பாலத்தை வெடி வச்சாங்கல்ல தாத்தா?" என்று முதலில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அதற்கு முந்திய எட்டு நிமிடங்களில் நான் குறுக்கிடவில்லை. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்களாம். லாரி லயத்துக் கோடியில் நின்றது. அண்ணன் ஏறியபின் இறங்கி வந்து, தன் இன்னொரு சட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். அந்தச் சட்டை என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. தாத்தா 2006-இல் காலமானார்.