இரண்டு பேர் வசூல், மூன்று பேர் பங்கீடு

2024 செப்டம்பரில் கிளாவரைக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோனது. செருப்பன் ஓடைத் தண்ணீர் அது. என்ன ஆயிற்று என்று பார்க்க ஊர்க்காரர்கள் சேர்ந்து காட்டுக்குள் ஏறினார்கள். அங்கே நிலம் சுமார் 300 அடி நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. அதன்பிறகு அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வு நடந்தது, பத்திரிகைகளில் படமும் வந்தது. முதலில் கிளம்பிப் போனது ஊர்தான் என்பதை மட்டும் யாரும் பெரிதாக எழுதவில்லை.

கொடைக்கானல் மேல்மலையில் ஊர் இப்படித் திரள்வது புதிதல்ல. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் கிளாவரை. ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஜீப் வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சாவு விழுந்தால் அடுப்பு பக்கத்து வீட்டில் எரியும். ஆனால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற கஷ்டத்துக்குத்தான் இப்படி ஊர் திரளும். விதைப் பூண்டு வாங்கக் கையில் காசில்லாத வீடு, மாத்திரை தீர்ந்தும் வெளியே சொல்லாத கிழவி, பஸ் செலவுக்கு யோசித்துப் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளை, இவர்களெல்லாம் கண்ணில் படுவதில்லை. இவர்களைத் தேடிப் போக நல்ல மனசு மட்டும் போதாது. இன்ன வேலை இன்னார் பொறுப்பு என்று இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்புப் பகிர்வை நெடுங்காலமாகச் செய்து பார்த்தவர்கள் யூதர்கள். கொடைக்கானல்காரர்களுக்கு அவர்கள் அந்நியரும் அல்ல. வட்டக்கானலில் ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து தங்குவதும், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒன்றாகக் கூடி சபாத் என்ற ஓய்வுநாள் விருந்து உண்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒருவன் வந்தாலும் அந்தப் பந்தியில் அவனுக்கு இடம் உண்டு. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு பந்தியைவிடப் பெரியது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே ஊர்ப் பொது நிதிக்கு விதி இருக்கிறது. ‘கூப்பா’ என்று அதற்குப் பெயர். வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர். வாராவாரம் உள்ளூர் ஏழைகளுக்கு அந்த வாரச் செலவுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பசித்தவருக்கு அன்றன்றைக்குச் சாப்பாடு, அது தனி ஏற்பாடு. பின்னால் வந்த தால்முத் என்ற விளக்கத் தொகுப்பு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வசூலுக்குப் போகிற இருவரும் வழியில் பிரியக் கூடாது. போகும்போது ஒருவர் தெருவில் காசு கண்டெடுத்தால் அதைத் தன் பையில் போடக் கூடாது. நிதிப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன பிறகுதான் தன் காசை எடுத்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்க இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். நம் ஊர்களில் கோயில் வரிக் கணக்கில் சண்டை வந்து திருவிழாவே நின்றுபோனதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை உடனே புரியும்.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் உதவியை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது அடிப்படி. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது உச்சிக்கு அடுத்த படி. உச்சியில் அவர் வைத்தது வெறும் தானத்தை அல்ல. கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ, ஒருவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி செய்வது. வட்டியில்லாக் கடன் சங்கங்களை இன்றும் யூத சமூகங்கள் நடத்துகின்றன. ஜெபாலயத்தை ஒட்டியே இவை இயங்குவதும் உண்டு.

இந்தியாவில் இந்தப் பழக்கம் எங்கெங்கோ வேர் விட்டிருக்கிறது. 1867இல் யூத வணிகர் டேவிட் சாசூனின் நன்கொடையில் எழுந்த புனே சாசூன் மருத்துவமனை இன்று அரசு மருத்துவமனை. மதம் கேட்டு யாரையும் சேர்ப்பதில்லை. எனக்கு இதைவிட நெருக்கமாகப் படுவது கல்கத்தா. 1881இல் அங்கே யூதப் பெண்கள் பள்ளி தொடங்கியது, தங்கள் பிள்ளைகளுக்காகத்தான். இன்று அந்நகரில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பள்ளியை மூடவில்லை. அதில் படிக்கிற பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்குள்ள ஜெபாலயங்களைத் தலைமுறைகளாகக் காத்து வருவதும் முஸ்லிம் குடும்பங்கள்தான். யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது, எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்றைய யூதப் பள்ளிகளும் ஜெபாலயங்களும் பிள்ளைகளைச் சேவைக்குப் பழக்குகின்றன. பதின்மூன்று வயதுச் சடங்கை ஒட்டி ஒரு தொண்டுப் பணியை எடுத்துச் செய்கிற வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் நவம்பர் மாதத்தில் ‘மிட்ஸ்வா டே’ என்று ஒரு நாள் வைத்து, பணம் திரட்டாமல் நேரத்தை மட்டும் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் ஒரு நாள் சேவையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நம் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. அதன் ஏழு நாள் முகாம் பல கிராமங்களுக்கு வருகிறது. வருகிற பிள்ளைகள் மனதார வேலை செய்கிறார்கள். தெருவைக் கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். எட்டாம் நாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

மேல்மலைக்கு மூட்டை மூட்டையாகப் பழைய துணி கொண்டுவருகிறவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. முதலில் ஊரைக் கேளுங்கள். இங்கே ஒரு குடும்பம் தடுமாறுவது பெரும்பாலும் நடவு நேரத்தில். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் படிக்கட்டு வயல்களில் விளைவதுதான். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கி விதைத்தவருக்கு, விலை ஏறினாலும் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

கிளாவரை மாதிரி ஓர் ஊரில் பொது விதை நிதி ஒன்று தொடங்கலாம். விதைப் பூண்டாகக் கொடுத்து, அறுவடையில் விதைப் பூண்டாகவே திரும்ப வாங்குவது, வட்டி கிடையாது. வசூலுக்கு இரண்டு பேர், பங்கீட்டுக்கு மூன்று பேர், அதில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கியவர் பெயர் அந்த மூவரைத் தாண்டிப் போகக் கூடாது. பெயர்கள் இல்லாத வரவு செலவு நோட்டை மட்டும் பள்ளியில் படிக்கிற பெரிய பிள்ளைகள் எழுதி, மாதம் ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் படிக்கட்டும். வெளியூர்க் குழுக்கள் உதவ விரும்பினால் முதல் போக விதைக்குப் பணம் தரட்டும். இரண்டு வருஷமாவது தொடர்ந்து வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.