கோச்சிங் வேலையோடு பி.எட் படிக்க முடியுமா?

“கோச்சிங் சென்டர்ல வேலை பார்த்துக்கிட்டே பி.எட் முடிச்சிடலாம்.” இந்தக் கணக்கோடு சென்னைக்கு வண்டி ஏறும் பட்டதாரிகள் பலர். பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூரில் ரூம் எடுத்தால் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் பக்கம்தான். ஆனால், கணக்கு இடிப்பது வேறு இடத்தில்.

நேரடி பி.எட்: இது 2 ஆண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிப்படி வகுப்புக்கு 80%, பள்ளிப் பயிற்சிக்கு 90% வருகைப்பதிவு வேண்டும். பகல் வேலை ஒத்துவராது. மாலை பேட்ச் மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

தொலைதூர பி.எட்: தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்கள், நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே. “5 வருஷம் கோச்சிங் எடுத்திருக்கேனே” என்றாலும் செல்லாது.

முதுகலை: முழுநேர வேலைதான் என்றால் இதுவே எளிது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருப்பது சைதாப்பேட்டையில். பல்லாவரத்தில் ஏறினால் அதே ரயில்தான்.

வேலையில் சேரும் முன்: பயிற்றுநருக்கும் வார விடுமுறை உண்டு என்கின்றன மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்கள். சம்பளத்தோடு வகுப்பு நேரத்தையும் லீவு நாளையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.