திருப்புதல் என்னும் சொல்

கொச்சி நகரைச் சேர்ந்த இடப்பள்ளியில் ஒரு கால்வாய் உண்டு. மலையாளத்தில் அதனைத் ‘தோடு’ என்பர். பெரியாற்றின் கிளையாகிய முட்டாரையும் சித்திரப்புழையையும் அது இணைக்கின்றது. காயலை அடுத்த இத்தகைய நீர்வழிகளில் ஓதம் ஏறுங்கால் நீர் உள்நோக்கிச் செல்லும்; வடியுங்கால் கடலை நோக்கிச் செல்லும். நீர் தானே திரும்புகிறது. எவரும் அதைத் திருப்புவதில்லை. தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை விளக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் வாய்க்காது.

திருப்புதல் என்ற பிறவினையோ பல பொருள் உடையது. வண்டி மாட்டைத் திருப்புகிறோம். ஏட்டின் பக்கத்தைத் திருப்புகிறோம். ஒருவருடைய கவனத்தையும் திருப்புகிறோம். இவற்றில் பொருள் வேறொரு திசையை அடைகிறது. ஆனால் அடகு வைத்த நகையைத் திருப்பும்போதும், கடனைத் திருப்பித் தரும்போதும், பொருள் பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது. ஒரே சொல், நேர்மாறான இரு விளைவுகள்! ஊர் மாறியவருடைய கடிதத்தின்மீது ‘திருப்பி அனுப்புக’ என்று மட்டும் எழுதினால், அது புதிய விலாசத்துக்குச் செல்லவேண்டுமா, அனுப்பியவரிடமே மீளவேண்டுமா என்பது விளங்காது.

இம்மயக்கம் நீரைப் பற்றி எழுதுகையில் இன்னும் பெரிதாகும். மேற்கே ஓடும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி, 1886ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கட்டப்பெற்று 1895இல் நிறைவெய்திய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கவழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குச் செல்கிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டத்தில், நீர் மூலமற்றம் மின் நிலையத்தைக் கடந்து தொடுபுழை ஆற்றிலும், அதன் வழியே மூவாற்றுப்புழை ஆற்றிலும் சேர்கிறது. இவ்விரு நீரும் திருப்பப்பட்டவை. ஆயினும் பெரியாற்றுக்குத் திரும்புவன அல்ல.

மதுரைப் பக்கத்து உழவர், ‘நீர் வந்தது’ என்பார். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர், ‘நீர் போயிற்று’ என்பார். இரண்டும் உண்மையே. கொச்சியின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தருவது ஆலுவாயில் எடுக்கப்படும் பெரியாற்று நீர். கோடையில் நன்னீர் வரத்து குறையுமிடத்து உப்புநீர் ஆற்றில் மேலேறும். அதைத் தடுப்பதற்கென்றே பாதாளம் என்னுமிடத்தில் மதகுகளுடன் கூடிய தடுப்பு அமைந்துள்ளது.

இந்த இருபக்கத்தையும் ஒருங்கே காட்டும் பழஞ்சொல் ஒன்று வயற்காட்டில் வழங்குகிறது: ‘மடைமாற்றுதல்’. ஒரு மடையை அடைத்தாலன்றி மற்றொன்றில் நீரை முழுதும் பாய்ச்ச இயலாது என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு பணிக்கென ஒதுக்கிய தொகையை வேறொன்றுக்குச் செலவிடுவதையும் ‘மடைமாற்றம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது பொருத்தமே.

பாசன ஊழியர் விடுக்கும் அறிவிப்பில் ‘நீர் திருப்பிவிடப்படும்’ என்பது மட்டும் போதாது. கடைமடையில் நாற்று விட்டிருப்பவர் அறிய விரும்புவது, எந்த மதகு எந்த நாளில் அடைக்கப்படும், மீண்டும் எப்போது திறக்கப்படும் என்பதையே.