கரிசல் மண்ணில் வண்ணப் பூந்தோட்டம்

கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி செல்லும் நெடுஞ்சாலையைக் கார்த்திகையில் கடப்போர், உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பசுமை பரப்பி நிற்பதைக் கண்டு மகிழ்வர். அதே வழியைச் சித்திரையில் கடப்போர், வெடித்துக் கிடக்கும் கரிசலையே காண்பர். இவ்விரு தோற்றங்களையும் ஒருங்கே மனத்திற்கொண்டு திட்டமிடுவோரே இங்கு வீட்டுத் தோட்டம் வைத்து வெற்றி பெறுவர்.

கிராமச் சுற்றுப் பயணத்தில் ஒரு வீட்டைக் கண்டோம். மகளிர் குழுவில் சேமித்த பணத்தைக் கொண்டு அவ்வீட்டு அம்மையார் மழைக்காலத்தில் ரோஜாச் செடிகளும் புல்தரையும் வாங்கி வைத்திருந்தார். பொங்கல் வரை தோட்டம் பொலிவுடன் விளங்கியது. பங்குனியில் குழாய்நீர் குறைந்ததும், நீர் செடிக்கா, வீட்டுக்கா என்னும் நிலை எழுந்தது. வைகாசியில் முட்கம்புகளே எஞ்சின. அவருடைய உழைப்பில் குறையில்லை. ஐப்பசி நீரைக் கண்டு செடிகளைத் தேர்ந்ததே குறை. சித்திரை நீரைக் கணக்கிட்டன்றோ தேர்ந்திருத்தல் வேண்டும்!

முதலில் நீர்க் கணக்கு

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் எனக் குறித்துள்ளது. ஐவர் உள்ள வீட்டிற்கு இது 275 லிட்டராகும். கோடையில் இதுவும் சுருங்கக்கூடும். ஆதலின், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீருமாக நாளொன்றுக்கு 5 குடமே தோட்டத்திற்குக் கிடைக்கும் எனக் கொள்வோம். குடத்திற்கு 15 லிட்டர் வீதம் இது 75 லிட்டர். வேரூன்றிய செடி 10-க்கு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை அரைக்குடம் வீதம் ஊற்றினால், நாளொன்றுக்கு 25 லிட்டரே செலவாகும். எஞ்சியது கல்வாழைக்குப் போதும்.

மண்ணின் இயல்பு

கரிசல் மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் செடியின் மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. சுவரையொட்டி நீர் ஊற்றிவந்தால் அடித்தளத்து மண் உப்பிச் சுருங்கிச் சுவரே விரிசல் காணும். எனவே, பாத்திகளைச் சுவரிலிருந்து 5 அடி தள்ளியே அமைத்தல் நன்று. அடைமழையில் நீர் தேங்கி வேர் அழுகாதிருக்கப் பாத்தியை அரையடி உயர்த்துக. அகலம் 3 அடி இருப்பின் இருபுறமிருந்தும் கை எட்டும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய சாண எருவும் சிறிது மணலும் கலந்து நடுக. பின்னர் உளுந்தம் பொட்டையோ நறுக்கிய சோளத்தட்டையையோ மூன்று விரற்கடை பரப்பினால் ஈரம் காயாது, வெடிப்பும் குறையும்.

எங்கு எதை நடுவது?

ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று செடிகளையும் வாட்டுவதாகும். எனவே, மேற்கு ஓரத்தில் செவ்வரளியும் காகிதப்பூவும் நட்டு வேலியாக்குக. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சாதலால், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஆடு கட்டும் இடத்திலும் அது வேண்டா. வாயிலருகே வெண்ணிற நந்தியாவட்டையும், அதன் முன்னே செம்பருத்தியும் அமையலாம். குளியலறை நீர் வெளியேறும் இடத்தில் கூழாங்கல்லும் மணலும் இட்ட சிறு குழி அமைத்துக் கல்வாழை நட்டால், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், சாக்கடையும் தேங்காது. சோப்பு நீரை ஓரிடத்திலேயே தொடர்ந்து விட்டால் கரிசல் இறுகும். ஆதலின் இடம் மாற்றி விடுக.

இவை ஆண்டு முழுதும் நிற்பவை. வண்ணம் மிகுவிக்கப் பருவச் செடிகள் உள. 1901-இல் தோன்றிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கு வலியுறுத்தும் மழைக்கு முந்திய விதைப்பு நம் முற்றத்திற்கும் ஏற்றதே. புரட்டாசிக் கடைசியில் துலுக்கச் சாமந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை விதைகளைத் தூவினால் மழையே அவற்றை வளர்க்கும்; மார்கழி, தை மாதங்களில் மஞ்சளும் ஊதாவும் சிவப்பும் முற்றத்தை நிறைக்கும். குப்பைக்குழி ஓரத்தில் ஒரு பூசணி விதை ஊன்றினால் மார்கழிக் கோலத்திற்குப் பூவும் குழம்பிற்குக் காயும் கிட்டும். கோடை வருமுன் இப்பருவச் செடிகள் விதை முற்றி ஓய்ந்துவிடும். அவற்றிற்கு நாம் குடம் சுமக்க வேண்டுவதில்லை.

செலவு எவ்வளவு?

அரளி, காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவை கம்பு நட்டாலே தழைப்பவை. கல்வாழைக்குக் கிழங்கு போதும். ஒரு வீட்டார் கம்பும் மறு வீட்டார் விதையும் கொடுத்து மாற்றிக்கொண்டால், மணலுக்கன்றி வேறு செலவு பெரிதும் நேராது. மகளிர் குழுக் கூட்டத்திலேயே இப்பரிமாற்றத்தை நடத்தலாம்.

மேற்சொன்ன அம்மையார் இவ்வாண்டு தம் முற்றத்தில் அயலார் தந்த ஆறு கம்புகளை நட்டுள்ளார். அவற்றை நாம் வரும் சித்திரையில் சென்று காண்போம். சித்திரையில் தளிர்த்து நிற்கும் செடியே கரிசலுக்குரிய செடி.