வீரிய ஒட்டு மக்காச்சோளம்: உங்கள் நிலத்திற்கு ஏற்ற இரகம் எது?

வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்த மணியையே மறுபடி விதைத்தால் வீரியம் குறையும், செடிகள் சீராக வளரா, விளைச்சலும் இறங்கிவிடும். எனவே பட்டம்தோறும் புதிய விதை வாங்க வேண்டியுள்ளது. அந்தச் செலவு வீணாகாமலிருக்க இரகங்களைச் சரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இந்தியாவில் முதல் வீரிய ஒட்டு மக்காச்சோள இரகங்கள் 1961ல் வெளியிடப்பட்டன. கங்கா, ரஞ்சித், தக்காண் என்பன அவற்றுள் சில. நான்கு தூய வழிகளைச் சேர்த்து உருவாக்கும் இரட்டை ஒட்டுகளே அன்று வழக்கிலிருந்தன. இன்று இரண்டு வழிகள் மட்டும் சேர்ந்த ஒற்றை ஒட்டுகளே மிகுதி.

தட்பவெப்பமும் வயதும்

பீகாரில் குளிர்காலப் பயிர் நெடுநாள் நின்று மணி பிடிப்பதால் விளைச்சல் அதிகம். நம் பகுதியில் இரவிலும் வெப்பம் நிலவுவதால் பயிர் விரைவில் முதிர்கிறது. ஆகவே வேறிடத்து விளைச்சலை நம் நிலத்திற்கு அப்படியே எதிர்பார்க்கலாகாது.

இறவையில் சுமார் 110 நாள் வயதுடைய கோ.எச்.எம். 6 போன்ற இரகங்களைப் பயிரிடலாம். புரட்டாசி மானாவாரியில் மழை முன்னதாக நின்றுவிட்டால் நீண்ட வயதுடைய பயிர் பூக்கும் தருணத்தில் வாடும். ஆண் பூவும் கதிரின் பட்டு நூலும் வெளிவரும்போது ஈரம் குறைந்தால் கதிரில் மணி பிடிக்காது. மானாவாரிக்குக் குறுகிய வயது இரகமே பாதுகாப்பானது.

ஒரு சென்ட் சோதனை

இரண்டு இரகங்களை ஒரே வயலில், ஒரே நாளில், 60 x 25 செ.மீ. இடைவெளியில் விதையுங்கள். உரமும் நீரும் ஒரே அளவாக இருக்கட்டும். முடிந்தால் ஒவ்வொரு இரகத்தையும் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி விதைப்பது நல்லது. அறுவடையின்போது வரப்போரச் செடிகளை விட்டு, நடுவில் 4 வரிசைகளை 16.9 மீட்டர் நீளத்திற்கு அளந்தால் அது ஒரு சென்ட்.

மணியின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதத்தையும் அறிய வேண்டும். எடையை (100 – ஈரப்பதம்) என்பதால் பெருக்கி 86ஆல் வகுத்தால், 14 சத ஈரப்பதத்தில் உள்ள எடை கிடைக்கும்.

உதாரணமாக, முதல் இரகம் 22 சத ஈரத்தில் 30 கிலோ. இரண்டாவது 16 சத ஈரத்தில் 28.5 கிலோ. கணக்கிட்டால் முதலாவது 27.2 கிலோ, இரண்டாவது 27.8 கிலோ. எடையில் குறைந்ததாகத் தோன்றியதே உண்மையில் அதிகம். இதை 100ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் தெரியும்.

மேலும் கவனிக்க வேண்டியவை

* தண்டு சாயாமல் நிற்கிறதா?
* கதிரின் நுனிவரை மணி பிடித்துள்ளதா?
* அடிச்சாம்பல் நோய் தாக்குகிறதா?
* 2018 முதல் நம் நாட்டில் பரவிய படைப்புழுவின் சேதம் எவ்வளவு?

ஒரே பட்டத்து முடிவை நம்பி நிலம் முழுவதும் இரகத்தை மாற்ற வேண்டாம். மழை மிகுந்த ஆண்டிலும் குறைந்த ஆண்டிலும் ஏமாற்றாத இரகமே சிறு விவசாயிக்கு உகந்த இரகம்.