உங்களுக்குத் தெரியுமா? ஒரே தடுப்பூசி, ஏன் பல தவணை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஒரே தவணைதான். பெண்டாவேலண்ட் ஊசியோ 6, 10, 14ஆம் வாரங்களில் மூன்று முறை. ஏன் இந்த வித்தியாசம்?

● தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்தையும் தடுப்பது பெண்டாவேலண்ட். பி.சி.ஜி.யைப் போலன்றி, இதில் உயிருள்ள கிருமி இல்லை. முதல் தவணை உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டும்; அடுத்தடுத்த தவணைகளே எதிர்ப்புப் புரதங்களைப் பெருக்கி, நினைவு அணுக்களை வலுவாக்கும். அதற்கு அவகாசம் தரவே நான்கு வார இடைவெளி.

● தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் கதை வேறு. முதல் தவணை போடும் 9 மாதத்தில், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் சில குழந்தைகளிடம் மிச்சமிருந்து, ஊசியின் வேலையைக் கெடுக்கலாம். 16–24 மாதத்தில் போடும் இரண்டாம் தவணை, அப்படி விடுபட்டவர்களைக் காக்கிறது.

● ரண ஜன்னிக்கு எதிரான சக்தி நாளடைவில் குறையும். அதனால்தான் 10, 16 வயதிலும் கர்ப்பகாலத்திலும் டி.டி. ஊசி.

● இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் பெண்டாவேலண்ட் 2011 டிசம்பரில் முதலில் அறிமுகமானது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

தவணை தவறிவிட்டதா? பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையுடன் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.