சோளன் மணியும் ஹைக்கூவும்

ஹைக்கூ எழுதப் பழகும் தம்பிமாருக்கு நான் சோளனைத்தான் காட்டுவேன். கதிரின் ஒவ்வொரு நாரும் ஒரு மணிக்குரியது. நாரில் மகரந்தம் படாவிட்டால் அந்த மணி பிடிக்காது. ஹைக்கூவிலும் ஒவ்வொரு சொல்லும் மணி பிடிக்க வேண்டும். பயணமொன்றில் எழுதியது:

அவித்த சோளன்
கைமாறும் பஸ் ஜன்னலில்
மழையும் ஆவியும்

2018 பெரும்போகத்தில் படைப்புழு வந்து எங்கட சேனையை அழித்தது. அந்தக் கவலையைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன், சரிவரல்ல. கடைசியில் மிஞ்சியது இதுதான்:

புழு தின்ற சேனை
இன்னும் பரணில்
காவலிருக்கும் வாப்பா

இதில் 'கவலை' என்ற சொல்லே இல்ல. வாசிக்கிறவங்க மனசில அது தானா வரும். ஜப்பானியரின் 5-7-5 அசைக்கணக்கைத் தமிழில் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. ஆனால், சொல்லாமல் விடும் அந்தப் பக்குவம் போனால் ஹைக்கூவும் போய்விடும்.